வாங்கிய பின் வரும் கடமை: ஊவா மாகாணத்தில் அரசாங்கத் தொழில்நுட்பப் பரிபாலனம்

பதுளையிலிருந்து பசறை, மெட்டிகாதன்னை வழியாக மலையேறிச் செல்லும் பாதையில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த மடுல்சீமையில் வாழும் ஒரு தோட்டக் குடும்பம், பிள்ளையின் பிறப்பைப் பதிவது முதல் ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவது வரை, அரசாங்கத்தோடு கொள்ளும் சம்பந்தங்களிற் பெரும்பாலானவை இன்று ஏதோ ஒரு காரியாலயத்துக் கணினியின் துணையோடுதான் நிறைவேறுகின்றன. அந்தக் கணினிகள் யாவும் ஒரே எஜமானுக்கு உரியவை அல்ல. பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்கு அதிகாரியான பதிவாளர் நாயகத்தின் திணைக்களமும், அடையாள அட்டை வழங்கும் ஆட்பதிவுத் திணைக்களமும், சேமலாப நிதியோடு சம்பந்தப்பட்ட தொழில் திணைக்களமும் மத்திய அரசாங்கத்துக்கு உட்பட்டவை. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமும் அயலிலுள்ள சிறிய வைத்தியசாலையும் ஊவா மாகாண சபையின் பொறுப்பில் உள்ளவை. தெருவிளக்கும் பொது நூல்நிலையமும் பிரதேச சபையைச் சேர்ந்தவை. நாட்சம்பளத்தைக் கணக்கிடும் செக்ரோலோ தோட்டக் கம்பெனியின் கந்தோரில் இருக்கிறது. இந்த நான்கு அதிகாரங்களும் தத்தம் பணத்தைக் கொண்டு, தத்தம் விதிகளின்படி, தத்தம் இயந்திரங்களை வாங்குகின்றன. வாங்கிய பின் அவற்றைப் பேணுவது யார், மாற்றுவது எப்போது, ஒன்றன் பதிவு மற்றொன்றன் பதிவோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது எவர் கடமை என்னும் வினாக்களுக்கு மட்டும் தெளிவான விடை கிடைப்பதில்லை.

அரசாங்கமொன்று தன் பல்வேறு திணைக்களங்களின் தொழில்நுட்பக் கொள்முதலையும் பரிபாலனத்தையும் மேற்பார்வை செய்யும் முறை, பெரும்பாலும் தலைநகரத்து நிபுணர்களிடையே மட்டும் பேசப்படும் விஷயமாக இருந்து வருகிறது. அந்த மேற்பார்வை தவறும்போது ஒரு நாட்சம்பளத்தை இழந்து, பஸ் ஏறிப் பசறைக்கோ பதுளைக்கோ வந்து, “இயந்திரம் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் மனிதருடைய நிலையிலிருந்து இவ்விஷயம் ஆராயப்படுவது அரிது. இக்கட்டுரை அந்த நிலையிலிருந்தே ஆராய முயல்கிறது. இலங்கையின் மேற்பார்வை ஸ்தாபனங்கள் வாங்கும் கணத்தைக் காவல் செய்வதற்கென அமைக்கப்பட்டவை என்பதும், வாங்கிய பொருளின் ஆயுட்காலம் முழுவதையும் கவனிக்கும் அதிகாரமும் பணமும் ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

குடியேற்ற காலத்து அரசாங்கம் இவ்விஷயத்தில் வகுத்திருந்த ஏற்பாட்டை முதலிற் கவனிப்பது பயனுடையது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் அரசாங்கங்களுக்கு வேண்டிய தண்டவாளம், பாலத்து இரும்பு, தந்திக் கருவி முதலானவற்றை லண்டனிலிருந்து வாங்கி அனுப்பும் பொறுப்பு, 1833ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தப்பட்ட ‘கிரவுன் ஏஜண்ட்ஸ்’ என்னும் காரியாலயத்திடம் இருந்தது. பொருளின் விவரத்தைத் திணைக்களம் எழுதி அனுப்பும். விலை கேட்பதும், தொழிற்சாலையிலேயே பரிசோதிப்பதும், கப்பலேற்றுவதும் அக்காரியாலயத்தின் வேலை. 1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதை இத்தகைய ஒரு மத்தியக் கொள்முதல் முறை நிலவிய காலத்தின் படைப்பே. உள்ளூர்க் கைத்தொழிலுக்கு அது இடங்கொடுக்கவில்லை, சாம்ராச்சியத்தின் ஆலைகளுக்கே வியாபாரத்தைத் தேடித் தந்தது என்பது அதன் மறுபக்கம்.

அரசாங்கத்துக்குப் புறம்பே, மலைநாட்டில் வேறொரு முறையும் வழங்கிற்று. அதை நம் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கோணத்திலிருந்து போதிய அளவு நோக்கவில்லை என்றே நினைக்கிறேன். தேயிலை ஸ்டோர்களுக்கு வேண்டிய இயந்திரங்கள், கொழும்பிலிருந்த ஏஜன்சிக் கம்பெனிகளின் மூலமாகத் தருவிக்கப்பட்டன. பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சனின் ‘சிரோக்கோ’ உலர்த்திகளும், வில்லியம் ஜாக்சன் வகுத்த முறையிற் செய்யப்பட்ட அரைக்கும் ரோலர்களும் அவ்வாறு இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவை. அவற்றை வாங்கிக் கொடுத்ததோடு ஏஜன்சிக் கம்பெனியின் கடமை முடிந்துவிடவில்லை. ‘விசிட்டிங் ஏஜண்ட்’ என்னும் அனுபவமுள்ள உத்தியோகஸ்தர் குறித்த காலத்துக்கொருமுறை தோட்டத்துக்கு வந்து, மலைகளையும் கணக்குகளையும் பார்த்ததோடு, ஸ்டோரிலுள்ள ஒவ்வோர் இயந்திரத்தின் நிலையையும் நேரிற் கண்டு, எது பழுதுபார்க்கத் தக்கது, எது அடுத்த ஆண்டின் மதிப்பீட்டில் மாற்றப்படவேண்டியது என்று எழுதி அனுப்புவார். அந்த அறிக்கைக்குத் தோட்டத்துரை பதில் சொல்லியே ஆகவேண்டும். இதனாலன்றோ பல ஸ்டோர்களில் இயந்திரங்கள் தலைமுறை கடந்தும் உழைத்தன! அந்த ஏஜண்டின் சிரத்தை கடல் கடந்த பங்குதாரர்களின் இலாபத்துக்காகவே இருந்தது. உலர்த்தியின் நலத்தை விசாரித்த அதே அறிக்கைகளில், ஒழுகும் லயன் கூரைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. இருந்தும், ஒரு பொருளை வாங்கியவனே அதன் ஆயுட்காலம் வரை அதற்குப் பொறுப்பாளி என்ற நெறி அம்முறையில் நடைமுறையாக இருந்தது. சுதந்திர அரசாங்கம் 1975இல் கம்பெனித் தோட்டங்களைத் தேசிய மயமாக்கியபோது, அந்தப் பொறுப்பு ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரசாங்கப் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் சென்றது. 1992இல் பிரதேசக் கம்பெனிகள் அமைக்கப்பட்டு, மடுல்சீமையின் பெயரையே தாங்கிய கம்பெனியும் அவற்றுள் ஒன்றாகியபோது மீண்டும் கைமாறிற்று. நிலம் இன்றும் அரசாங்கத்தினுடையதே. கம்பெனிகள் 53 ஆண்டுக் குத்தகைக்காரர்கள்.

இனி, இன்றைய அரசாங்க முறையைப் பார்ப்போம். நிதிப் பிரமாணங்கள் என்று உத்தியோகஸ்தர்கள் வழங்கும் விதித்தொகுதி, ஒவ்வொரு அமைச்சின் செயலாளரையும் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தராக வைத்து, செலவின் ஒவ்வொரு படியிலும் எவர் அனுமதிப்பது, எவர் சான்றுபடுத்துவது, எவர் பணம் கொடுப்பது என்று பிரித்து வகுத்திருக்கிறது. கொள்முதலைப் பொறுத்தவரை, 2004இல் ஒரு தேசிய பெறுகை முகவர் நிலையம் அமைக்கப்பட்டு, 2006இல் பெறுகை வழிகாட்டிகள் வெளியிடப்பட்டன. சில ஆண்டுகளில் அந்த ஸ்தாபனம் மறைந்தபோதிலும் வழிகாட்டிகள் நிலைத்தன. 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை அரசியலமைப்பிலேயே நிறுவிற்று. 2020இன் 20ஆம் திருத்தம் அதை ஒழித்தது. 2022இன் 21ஆம் திருத்தம் அதை மறுபடியும் உயிர்ப்பித்தது. அவ்வாறு மீண்ட ஆணைக்குழு வகுத்த புதிய வழிகாட்டிகள் 2025 ஜனவரி முதலாம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழே ஆண்டுகளில் தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றிய ஒரு காவலனிடம், பத்தாண்டு உழைக்கவேண்டிய ஒரு கணினி ஏற்பாட்டைத் தொடர்ந்து கவனிக்கும் ஞாபகசக்தியை எதிர்பார்க்க இயலாது. சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட ஆளுகை மதிப்பீட்டு அறிக்கை, வழிகாட்டிகளோடு நில்லாமல் பெறுகைக்கெனத் தனிச் சட்டமொன்று வேண்டுமென வற்புறுத்தியதற்கும் இத்தகைய நிலையின்மையே காரணம் எனலாம்.

மாகாணத்தின் ஒரு திணைக்களம் இருபது கணினிகள் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு தயாராகும், பொருளின் விவரம் எழுதப்படும், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவும் பெறுகைக் குழுவும் நியமிக்கப்படும், கேள்விப்பத்திரம் கோரப்பட்டு, குறிப்பிட்ட விவரத்துக்கு இணங்கி வந்தவற்றுள் மதிப்பிட்ட விலை குறைந்தது தெரிந்தெடுக்கப்படும், பொருள் வந்ததும் பொருட்பதிவேட்டில் இலக்கமிடப்படும், ஆண்டுதோறும் ஒரு குழு வந்து, பதிவேட்டிலுள்ள பொருள் அறையில் இருக்கிறதா என்று சரிபார்க்கும். இவை யாவும் அவசியமானவை. களவுக்கும் தரகுக்கும் எதிராகப் பல தலைமுறை அனுபவத்தால் எழுந்த வேலிகள். ஆனால் இந்த நீண்ட வரிசையில், பொருள் இருக்கிறதா என்று கேட்பவர் உண்டேயன்றி, அது வேலை செய்கிறதா, அதிலுள்ள மென்பொருள் காலாவதியானதா, அதில் பதிந்த தகவலுக்கு மறுபிரதி இருக்கிறதா என்று கேட்பவர் இல்லை. மேசை நாற்காலிக்கு வகுத்த விதி கணினிக்கும் பிரயோகிக்கப்படுகிறது. நாற்காலி, தான் உடைந்ததைத் தானே காட்டும். கணினியின் சிதைவோ வெளியே தெரிவதில்லை.

இக்குறைக்குப் பணத்தின் ஒழுங்கிலும் ஒரு வேர் இருக்கிறது. மாகாண சபைகளுக்கு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் மத்திய அரசாங்கம் வழங்கும் நன்கொடைகளில், மீண்டுவரும் செலவுக்கானது ஒரு தொகுதி, மூலதனச் செலவுக்கானது வேறொரு தொகுதி. கணினியை வாங்குவது மூலதனம். அதைப் பழுதுபார்ப்பதும், அனுமதிக் கட்டணம் செலுத்துவதும், இணைய இணைப்பைப் பேணுவதும் மீண்டுவரும் செலவு. பின்னதன் பெரும்பகுதி ஊதியங்களுக்கே போய்விடுகிறது. முன்னதோ டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் அவ்வாண்டின் ஒதுக்கீடு கழிந்துபோகும். ஆகவே ஆண்டின் இறுதியில் வாங்குவதற்கு ஓர் உந்துதலும், வாங்கியதைக் காப்பதற்கு ஒரு வறுமையும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்களில் வாழ்கின்றன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்திய அக்காலத்தில், டொலரொன்று இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்று அறுபது ரூபா அளவுக்கு ஏறியபோது, டொலரில் கணக்கிடப்படும் மென்பொருள் கட்டணங்கள் ஏறக்குறைய இருமடங்காயின. ஊதியத்தைக் குறைக்க முடியாத ஒரு வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது பராமரிப்பே என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்தப் பொதுவிதிகளுக்கு மேலாக, தகவல் தொழில்நுட்பத்துக்கென ஒரு விசேஷ ஸ்தாபனமும் இருந்து வருகிறது. 1984இல் தோன்றிய கணினி மற்றும் தகவல் தொழில்நுட்பச் சபை, ‘சின்டெக்’ என்ற பெயரால் அறியப்பட்டது. அதன் தலைவராக நெடுங்காலம் உழைத்த பேராசிரியர் வி. கே. சமரநாயக்க, இலங்கையின் கணினிக் கல்விக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சின்டெக்கின் இடத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தைக் கொண்டுவந்தது. முழுவதும் அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு கம்பெனியாக அது பதிவு செய்யப்பட்டதன் நோக்கம், திணைக்கள விதிகளின் தாமதமின்றித் திறமையுள்ளவர்களைச் சேர்த்துக்கொள்வது. 2004இல் உலக வங்கி அங்கீகரித்த 5 கோடியே 30 லட்சம் டொலர்க் கடனோடு தொடங்கிய ‘ஈ-ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ், கிராமந்தோறும் ‘நெணசல’ என்னும் பொதுக் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. 2014இல் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் அறநிறுவனத்தின் சர்வதேசப் பரிசொன்றும் அம்முயற்சிக்குக் கிடைத்தது. 2009இல் அமைச்சரவை அங்கீகரித்த மின் அரசாங்கக் கொள்கை, ஒவ்வோர் அரசாங்க ஸ்தாபனமும் இத்துறைக்கெனப் பொறுப்புள்ள ஓர் உத்தியோகஸ்தரை நியமிக்க வேண்டுமென்றும், தராதரங்களைப் பின்பற்ற வேண்டுமென்றும் வகுத்தது. திணைக்களங்களை இணைக்கும் லங்கா அரசாங்க வலையமைப்பும், அவற்றின் தகவலைப் பொதுவாக வைத்துக் காக்கும் லங்கா அரசாங்க மேகமும் இந்த முகவர் நிலையத்தின் வழியே உருவாயின.

அந்த மேகத்துக்கு 2023ஆம் ஆண்டில் நேர்ந்த விபத்து, இக்கட்டுரையின் பொருளுக்கு நேரான சாட்சியாகையால், அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். அவ்வாண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், மீட்புப் பணம் பறிக்கும் நோக்கமுடைய தீய மென்பொருளொன்று அரசாங்கத்தின் மின்னஞ்சல் ஏற்பாட்டுக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசாங்க முகவரி கொண்ட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. ஏற்பாடு விரைவிலேயே மீட்கப்பட்டது; ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்கு மறுபிரதி இல்லாமையால், அந்த மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து அழிந்தொழிந்தது. உபயோகத்திலிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களைத் தயாரிப்பாளர் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார். புதிய பதிப்புக்கு மாறும் யோசனை 2021 முதல் இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய நிருவாக சபையின் தீர்மானங்களாலும் அது தாமதமாயிற்று என்று முகவர் நிலையம் தெரிவித்தது. இந்தச் சம்பவத்தில் இழப்பை விளைத்தது கள்ளக் கொள்முதல் அன்று; வாங்கிய பொருள் முதுமையடைந்ததை அனைவரும் அறிந்திருந்தும், அதை மாற்றும் பணமும் அதிகாரமும் கடமையும் ஓரிடத்தில் கூடாமையே. கொள்முதலைக் காவல் செய்யும் எந்த ஆணைக்குழுவின் பார்வைக்கும் இது வரவேண்டியதில்லை, ஏனெனில் அங்கே கொள்முதல் எதுவும் நிகழவில்லை. வாங்காமையும் ஒரு தவறாகக்கூடும் என்பதை நம் விதிகள் இன்னும் அங்கீகரிக்கவில்லை.

இதற்கு எதிர்ப்புறமான தவறும் உண்டு. 2012 முதல் நடைமுறையிலிருந்த இணைய வழிப் பிரயாண அனுமதி ஏற்பாட்டை அகற்றி, 2024 ஏப்ரலில் விசா வழங்கும் பணியை ஒரு வெளிநாட்டுக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தபோது, போட்டி முறைப்படியான கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை என்ற குற்றச்சாட்டுப் பாராளுமன்றக் குழுவிலும் நீதிமன்றத்திலும் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, முன்னைய முறையை மீட்குமாறு பணித்தது. அப்பணிப்பை நிறைவேற்றாமைக்காகக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத் தலைவரே செப்டம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் வரை சென்றாலன்றி ஒரு கொள்முதலைத் தடுக்க முடியாதென்றால், இடையிலுள்ள மேற்பார்வைப் படிகள் பலவீனமானவை என்பது பிரத்தியட்சம்.

இவை இலங்கைக்கே உரிய நோய்கள் அல்ல. செல்வமும் நிபுணத்துவமும் மிகுந்த கலிபோர்னியா மாநிலத்தில், மோட்டார் வாகனத் திணைக்களத்தின் பெரிய கணினித் திட்டமொன்று 1994இல் கைவிடப்பட்ட பின்னர், எல்லாத் திணைக்களங்களையும் மேற்பார்வை செய்வதற்கென 1995இல் தனியொரு தகவல் தொழில்நுட்பத் திணைக்களம் நிறுவப்பட்டது. 2001இல் போட்டியின்றி ஒராக்கிள் நிறுவனத்தோடு செய்துகொண்ட 9 கோடியே 50 லட்சம் டொலர் ஒப்பந்தத்தை மாநிலக் கணக்காய்வாளர் 2002இல் கண்டித்ததும், அந்த மேற்பார்வைத் திணைக்களமே அவ்வாண்டு மூடப்பட்டது. தமிழ்நாட்டிலோ 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொள்முதலுக்குச் சட்டத்தின் பலத்தை அளித்தது. 1977இல் தோன்றிய எல்காட் நிறுவனம் திணைக்களங்களுக்காகக் கணினி வாங்கும் பொது முகவராயிற்று. விதிமுறையைச் சட்டமாக்குவதும், வாங்கும் திறமையை ஓரிடத்தில் திரட்டுவதும் நன்மையே எனினும், காவலனைக் காப்பது எவ்வாறு என்ற கேள்வி அவ்விரு இடங்களிலும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

மத்தியும் மாகாணமும் இணங்கிச் செய்த ஒரு நல்ல காரியத்தை இங்கே மறைத்தல் நியாயமாகாது. மோட்டார் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தின் கட்டணம் மாகாணங்களின் சொந்த வருமானம். அதை இணைய வழியாகப் பெறும் ஏற்பாடு மேல் மாகாணத்தில் தொடங்கி ஏனைய மாகாணங்களுக்குப் பரவியது. ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே மென்பொருள் வாங்கியிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய வீண்செலவு அதனால் தவிர்க்கப்பட்டது. அதில் வருமானம் இருந்தது. ஆதலால் அதைப் பேணுவதில் எல்லோருக்கும் அக்கறையும் இருந்தது. வருமானம் தராத சேவைகளான பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்கும் சிறிய வைத்தியசாலையின் பதிவேட்டுக்கும் அத்தகைய இயற்கையான பாதுகாவலர் இல்லை. மாகாண வைத்தியசாலையொன்றிலிருந்து, மத்திய சுகாதார அமைச்சுக்கு உட்பட்ட பதுளைப் போதனா வைத்தியசாலைக்கு ஒரு தாய் அனுப்பப்படும்போது, அவளுடைய நோய் வரலாறு ஒரு காகிதத் துண்டிலே அவளோடு செல்கிறது என்றால், இரு நிருவாகங்களின் எல்லைக்கோடு அவளுடைய உடலின் குறுக்கே செல்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மொழி விஷயத்தை நான் வேண்டுமென்றே பிற்பாடு வைத்தேன். அது கடைசியில் சேர்க்கும் அலங்காரமாகக் கருதப்பட்டு வருவதே அதன் துயரம். தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் இலங்கைத் தரம் 1326 என்னும் நியமம் 2008இலேயே வெளியாயிற்று. தமிழ்நாட்டு அரசாங்கம் ஒருங்குறியை நியமமாக அறிவித்தது 2010 ஜூனில்; ஆகவே இங்கே நாம் பிந்தியவர்கள் அல்லர். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகவும் பிரகடனம் செய்யப்பட்டிருக்கின்றன. நியமமும் பிரகடனமும் இருந்தும், கேள்விப்பத்திரத்தின் விவரப் பகுதியிலும் பொருளை ஏற்கும் பரிசோதனையிலும் தமிழ் கட்டாய நிபந்தனையாக இடம்பெறாவிட்டால், விற்பவர் அதைத் தரமாட்டார். தந்ததாகச் சொன்னாலும் பார்ப்பவர் இல்லை. இதன் விளைவைத் தோட்டங்களில் யாரும் காணலாம். செக்ரோலில் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும், பிறப்புப் பதிவில் சிங்களத்தில் வேறுவிதமாகவும், பள்ளிக்கூடத்தில் தமிழில் மற்றொரு விதமாகவும் எழுதப்பட்ட ஒரே பெண்ணின் பெயர், மூன்று பேரேடுகளிலும் மூன்று ஆட்களாகிவிடுகிறது. காகிதத்தின் காலத்தில் ஓர் இரக்கமுள்ள இலிகிதர் அந்த வேறுபாட்டைப் பார்த்து, ஒரே ஆள்தான் என்று ஒப்பமிடலாம். கணினி அவ்வாறு இரங்குவதில்லை. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒருத்தி, தன் சேமலாப நிதியைப் பெறுவதற்குத் தான் தானேதான் என்று சத்தியக் கடதாசி முடித்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமொன்று 2003இலும் நிறைவேற்றப்பட வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, பேரேட்டில் ஓர் எழுத்துப் பிசகுவது இம்மக்களுக்கு எத்தகைய அச்சத்தைத் தரும் என்பது விளங்கும்.

அதிகாரங்களின் எல்லைக்கோடு தோட்டங்களில் எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறது என்பதற்குப் பிரதேச சபைகள் சட்டமே சான்று. 1987ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் பொருள்கொள்ளப்பட்டது. வாக்களிக்கும் தொழிலாளிக்கு அச்சபையின் விளக்கும் வீதியும் எட்டாமலிருந்தன. 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. எனினும் முப்பது ஆண்டுகளாக ஒரு நிருவாகத்தின் பதிவேட்டிலேயே இடம்பெறாத மக்களுடைய வீடுகளும் பாதைகளும் ஒரே நாளில் அதன் கணினிக்குள் வந்துவிடமாட்டா. நில வரைபடமும் லயன் விவரமும் கம்பெனியிடத்தில், வாக்காளர் பெயர் கிராம உத்தியோகத்தரிடத்தில், திட்டத்துக்கான பணம் மாகாணத்திடத்தில் என்று அவை சிதறிக் கிடக்கின்றன.

இந்தச் சிதறல் உயிரையும் கொள்ளும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மலை சரிந்து மூடிற்று. மண்சரிவை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடத்தின் ஆபத்தை 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அளக்கும் கருவிகளும் வரைபடங்களும் அந்நிறுவனத்திடம் இருந்தன. எச்சரிக்கையைப் பெற்ற பின் மாற்று நிலத்தை ஒதுக்குவது கம்பெனியின் வேலையா, பிரதேச செயலகத்தின் வேலையா, அமைச்சின் வேலையா என்ற வினா விடையின்றி ஆண்டுகள் கழிந்தன. மழைமானியை வாங்குவதற்கும் அதை நிறுவுவதற்கும் ஓர் அதிகாரி கையொப்பமிட்டால் போதும்; அது காட்டும் இலக்கத்தைக் கண்டு நள்ளிரவில் ஒரு லயத்தை எழுப்புவதற்கு, மத்தியும் மாகாணமும் தோட்டமும் முன்கூட்டியே உடன்பட்ட ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கும் தொழில்நுட்பப் பரிபாலனத்தின் ஒரு பகுதியே என்று கொள்ளாத எந்தக் கொள்கையும் மலையகத்துக்கு உதவாது.

இத்தகைய ஒழுங்கைக் கோரவேண்டிய ஊவா மாகாண சபைக்கு இறுதியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பர் 20ஆம் திகதி. அதன் பதவிக்காலம் 2019இல் முடிந்தபின், ஆளுநரும் பிரதம செயலாளரும் உத்தியோகஸ்தர்களுமே மாகாணத்தை நடத்தி வருகிறார்கள். கொள்முதலைக் கேள்வி கேட்கும் சபை அங்கத்தவர் எவரும் பதுளையில் இல்லை. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் வருகின்றன. அவற்றை மாகாணத்திலேயே எடுத்து வாசித்து விவாதிக்க வேண்டிய மன்றம் வெறுமையாகக் கிடக்கிறது. கொழும்பிலோ டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென ஓர் அமைச்சும், இந்திய அரசாங்கத்தின் நன்கொடையோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமும், 2025 பெப்ரவரியில் தொடங்கிய ‘கவ்பே’ என்னும் கட்டணம் செலுத்தும் முறையும் வேகமாக முன்னேறுகின்றன. மத்தியின் வேகமும் மாகாணத்தின் வெறுமையும் ஒன்றோடொன்று மோதும் இக்காலத்தில், மடுல்சீமை போன்ற ஊர்களின் தேவை எவருடைய விவரப் பட்டியலிலும் ஏறாமற் போவதற்கு இடமுண்டு.

தேர்தல் வரும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பிரதம செயலாளர், தம் நிருவாக அதிகாரத்தைக் கொண்டே, மாகாணத்தின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் வைத்தியசாலையிலும் காரியாலயத்திலுமுள்ள இயந்திரங்களுக்கு ஒரே பதிவேட்டை ஏற்படுத்தி, அதில் வாங்கிய விலையோடு, பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் திகதி, மென்பொருளின் ஆதரவு நிற்கும் திகதி, மறுபிரதி கடைசியாகச் சோதிக்கப்பட்ட திகதி ஆகியவற்றையும் எழுதுவிக்கலாம். ஒரு பொருளை வாங்க அனுமதி கேட்கும் மதிப்பீட்டில், அதன் ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவு காட்டப்படாவிட்டால் அதைத் திருப்பி அனுப்பலாம். ஆண்டுதோறும் பொருள்களைச் சரிபார்க்கச் செல்லும் குழுவில் இத்துறை அறிந்த ஒருவரைச் சேர்த்து, பழைய விசிட்டிங் ஏஜண்ட் ஸ்டோரில் செய்ததைப் போல, ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து எழுதச் செய்யலாம். தமிழிற் பெயரைப் பதிந்து, தமிழிலேயே தேடி, தமிழிற் சான்றிதழை அச்சிட்டுக் காட்டாத மென்பொருளுக்கு இறுதித் தவணைப் பணம் கொடுக்கப்படாது என்ற ஒரு வரியை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் சேர்க்கலாம். அச்சோதனையை நடத்துபவர் கொழும்பிலிருந்து வராமல், பசறையிலோ லுணுகலையிலோ நாள்தோறும் அந்த மக்களைச் சந்திக்கும் உத்தியோகஸ்தராக இருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்குப் பொதுமக்களிடமும் ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாகாண சபைகளையும் பிரதேச சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. தோட்டப் பாடசாலையொன்றின் அபிவிருத்திச் சங்கம், தன் கணினி அறையிலுள்ள இயந்திரங்கள் எந்த நிதியில், எந்த ஆண்டில், எத்தகைய பராமரிப்பு நிபந்தனையோடு வாங்கப்பட்டன என்று மாகாணக் கல்வித் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதலாம். கடிதத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் கூறவேண்டியதில்லை. மாகாணத்தின் எல்லாத் தோட்டப் பாடசாலைகளுக்கும் உரிய அத்தகைய பதில்களை ஓரிடத்தில் திரட்டினால், இன்று எந்தக் காரியாலயத்திலும் இல்லாத அந்தப் பதிவேட்டின் முதற் பாகம் அம்மக்களின் கையாலேயே எழுதப்பட்டதாகும்.